மேளச் சத்தத்துக்குள் மறைந்துபோகும் வித்துவான்கள்: நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உரிய புகழ் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: வெண்ணாற்றங்கரை

சென்ற மாதம் மன்னார்குடிப் பக்கத்தில் என் சித்தப்பா மகளின் திருமணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மண்டபத்தின் இடது ஓரத்தில், குளிரூட்டி இயந்திரத்துக்கும் வாழைமரத்துக்கும் நடுவில் போட்டிருந்த சின்ன மேடையில் உட்கார்ந்திருந்த நாயனக்காரர், அதாவது நாதஸ்வரம் வாசிப்பவர், சண்முகப்பிரியா ராகத்தைத் தொடங்கினார். பஞ்சமத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவிலேயே அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவர், எல்லாரும் எதிர்பார்க்கும் இடத்தில் மேல் ஷட்ஜத்துக்குப் போகாமல் இரண்டு முறை ஏமாற்றிவிட்டு, மூன்றாம் முறை போய் நின்றார். நின்ற அந்த நொடியில் மணமேடையிலிருந்து ஒருவர் ஆள்காட்டி விரலை வானத்தில் சுழற்றினார். கெட்டிமேளம்! ராகம் அறுந்தது. தாலி கட்டும் நேரமும் அல்ல. மாலை மாற்றியது சரியாகப் படத்தில் விழவில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதால், மாலைகளைக் கழற்றி இரண்டாம் முறை மாற்றினார்கள். அதற்கும் ஒரு கெட்டிமேளம்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கருவியை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்த அவரிடம் போய்ப் பெயரைக் கேட்டேன். "எந்தத் தேதிக்குங்க?" என்றார். பெயர் கேட்பவர்கள் எல்லாரும் முன்பணம் கொடுக்க வருபவர்கள் என்றே அவருக்குப் பழகியிருக்கிறது. ராகம் நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் வந்தேன் என்றபோது அவர் முகத்தில் தெரிந்தது மகிழ்ச்சியா சந்தேகமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. திருமணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் இருந்தது, சமையல்காரர் பெயர் இருந்தது, அலங்காரம் செய்தவரின் தொலைபேசி எண்கூட இருந்தது. இவருடைய பெயரோ தவில்காரரின் பெயரோ இல்லை. இத்தனைக்கும் என் தாத்தாவின் திருமணப் பத்திரிகை எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதில் மணமக்களின் பெயருக்குக் கீழே நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று தனியாக ஒரு வரி உண்டு.

நான் கேட்க விரும்புவது இதுதான். தமிழர்கள் பிறப்பிலிருந்து கேட்கும் இசை வேறு எதையும்விட இதுவாகத்தான் இருக்கும். கோயிலில் கேட்கிறோம், கல்யாணத்தில் கேட்கிறோம், திருவையாறு ஆராதனையே இதைக் கொண்டுதான் தொடங்குகிறது. ஆனால் வாய்ப்பாட்டுக்காரர்கள் பத்துப் பேரின் பெயரைச் சொல்லும் ஒருவரிடம், இன்று உயிரோடிருக்கும் நாதஸ்வர வித்துவான்கள் மூவரின் பெயரைச் சொல்லச் சொன்னால் விழிக்கிறார். நானும் அப்படி விழித்தவன்தான். இவ்வளவு தேர்ச்சி உள்ளவர்களுக்கு இவ்வளவு குறைந்த புகழ் வாய்த்ததற்குக் காரணம் கருவியா, கேட்கிற நாமா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றி உடையவனாக இருப்பேன்.


பதில் 1: ஒத்துக்காரர் பேரன்

என் தாத்தா ஒத்து ஊதியவர். ஒத்து என்றால் விரல் துளைகள் இல்லாத, ஒரே சுருதியை விடாமல் தந்துகொண்டிருக்கும் நீண்ட குழல். இன்று அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்துவிடுகிறது. ஆகவே புகழ் கிடைக்காதவர்களின் வரிசையில் கடைசியில் நின்று, அந்த வரிசையிலிருந்தும் வெளியேற்றப்பட்டவரின் பேரன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

கேள்வி கேட்ட நண்பர் கல்யாண மண்டபத்தில் கண்டதை வைத்துக்கொண்டு நாதஸ்வரத்தைப் பார்க்கிறார். அந்தக் கருவியின் வீடு மண்டபம் அல்ல, வீதி. கோயிலில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிக்க வேண்டும். மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. தவிலோடு சேர்ந்து காலம் மாற்றி மாற்றி வாசிக்கும் உருப்படி அது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, நைவேத்தியம் மடைப்பள்ளியிலிருந்து வரும்போது தளிகை மல்லாரி என்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பது பழகிய காதுக்குத் தெரிந்துவிடும். மல்லாரி முடிந்து சுவாமி வீதிக்கு வந்த பிறகுதான் ராகம். ஒரு தோடியையோ காம்போதியையோ எடுத்துக்கொண்டு ஒரு வீதி முழுவதும் வாசித்துக்கொண்டு போவார்கள். பாடகருக்கு மேடையில் இருபது நிமிடம் கிடைக்கும் ராகத்துக்கு இவர்களுக்கு இரவே கிடைத்தது. தீவட்டி வெளிச்சத்தில் கூடவே நடந்து வந்த கூட்டம் சுவாமிக்காக வந்ததா, ராகத்துக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று தாத்தா சொல்வார். சுவாமி திரும்ப உள்ளே நுழையும்போது எச்சரிக்கை என்ற உருப்படி, பள்ளியறையில் நீலாம்பரி ராகம். இவ்வளவும் ஒரு நாள் வேலை.

இந்த அமைப்பில் வளர்ந்த வித்துவானுக்கு ரசிகர் தனியாகத் தேவைப்படவில்லை, ஊரே ரசிகர். பெயரை எழுதி ஒட்டவும் வேண்டியதில்லை, இந்தக் கோயில் மேளம் இன்னார் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு என்ன ஆயிற்று? புறப்பாடு ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்று ஆயிற்று. கோயில் வருமானமும் நிலமும் சுருங்கின இடங்களில் மேளக்காரர் பணியிடம் காலியாகவே விடப்பட்டது. பல கோயில்களில் இப்போது தீபாராதனைக்கு மின்சாரத்தில் ஓடும் மேளம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் ஒன்றாக அடித்துக்கொள்ளும். அந்த இயந்திரத்தை முதன்முதலில் கேட்ட நாளில் என் தாத்தா வேறொன்றும் பேசவில்லை. "இதுக்குச் சுருதியே வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

வீதி போன பிறகு மிச்சம் இருந்தது கல்யாணம். கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை சைகைக்குச் சத்தம் கொடுப்பது. யாராவது தும்மினால், அபசகுனமான சொல் காதில் விழாதிருக்க, தாலி முடியும் நேரத்தில் மற்ற ஒலியை அமுக்க, கெட்டிமேளம். அதாவது, மற்றதைக் கேட்கவிடாமல் செய்வதற்காகவே இந்த இசையை அமர்த்துகிறார்கள். மற்றதை மறைக்க வந்தவனின் பெயர் யாருக்கு வேண்டியிருக்கும்?


பதில் 2: எதிர்க்கட்சி

மேலே எழுதியவருடைய வருத்தத்தை மதிக்கிறேன்; ஆனால் எல்லாப் பழியையும் காலத்தின் மீதும் இயந்திரத்தின் மீதும் போட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. திறந்த வெளிக்காகப் பிறந்த கருவியை நான்கு சுவருக்குள் கொண்டுவந்து, அதன் வாயருகே ஒலிவாங்கியையும் வைத்து, கூடவே இரண்டு தவிலுக்கும் ஒலிபெருக்கி கொடுத்தால் எந்தக் காது பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கும்? சென்ற ஆண்டு ஒரு சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வித்துவான் அற்புதமாக வாசித்தார். நான் ஏழாவது வரிசைக்கு ஓடிப்போய்த்தான் அந்த அற்புதத்தைக் கண்டுபிடித்தேன். ஒலிப்பொறியாளர் வாய்ப்பாட்டுக்கு வைத்த அளவை மாற்றவே இல்லை. ஒலிவாங்கியை அணைத்தாலே போதும் என்று ஒரு பெரியவர் சொன்னார், கேட்பார் இல்லை.

இரண்டாவது, சினிமா. மற்ற இசைக்காரர்களைச் சினிமா கைவிட்டது என்று சொல்லலாம், நாதஸ்வரத்தை அது கைவிடவில்லை; வேறொரு விதமாக விழுங்கியது. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகத்தில் போட்டி போட்டவர் காருகுறிச்சி அருணாசலம். பாட்டு 'சிங்கார வேலனே தேவா'; இசையமைப்பு எஸ். எம். சுப்பையா நாயுடு. திரையில் வாசித்தவர் ஜெமினி கணேசன். அந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜானகியைச் சொல்கிறோம், சரி, சொல்ல வேண்டியதுதான். ஜானகியின் குரல் போன இடத்துக்கெல்லாம் முன்னாலேயே போய்க் காத்திருந்த அந்த நாயனத்தைச் சொல்பவர்கள் குறைவு. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. இன்றைக்கும் நாதஸ்வரம் என்றால் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கண்முன் வருவது சிவாஜியின் புடைத்த கன்னம். அந்தக் கன்னத்துக்குப் பின்னால் கே. வி. மகாதேவனின் இசையில் உண்மையாக வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி என்ற சகோதரர்கள். படத்தை இருபது முறை பார்த்த என் மாமாவிடம் கேட்டேன், அவருக்கு இந்தப் பெயர்கள் தெரியவில்லை. பாலையா தவில் வாசித்த நடிப்பை மட்டும் அரை மணி நேரம் விவரித்தார். பின்னணி பாடுகிறவர்களின் பெயரைத் தமிழ்ச் சமூகம் தெய்வத்தின் பெயரைப் போல நினைவில் வைத்திருக்கிறது. பின்னணி ஊதியவர்களுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.

ஆகவே என் வாதம் இது: வாய்ப்பு வந்தது, மிகப் பெரிய வாய்ப்பு, ஆனால் முகம் இல்லாமல் வந்தது. காருகுறிச்சியாரின் ஊர் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில். 1921-ல் பிறந்து 1964-லேயே மறைந்துவிட்டார். இன்னும் இருபது ஆண்டு இருந்திருந்தால் தொலைக்காட்சியாவது அந்த முகத்தைக் காட்டியிருக்கும்.


பதில் 3: ஒத்துக்காரர் பேரன்

எதிர்க்கட்சி அவர்களே, ஒலிவாங்கியைப் பற்றி நீங்கள் எழுதியதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவியின் சத்தத்தைக் குறைசொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தச் சத்தத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றபடி மாற்றியமைத்த ஒருவர் இருந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, 1898–1956. அதற்கு முன் பெரிதும் புழங்கியது திமிரி நாயனம். குட்டையானது, உயர்ந்த சுருதி, தூரத்துக்குக் கேட்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசும்படி செய்துகொடுத்த பிறகு, இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில், பாடகர் பாடுவது போன்ற கனத்த நாதம் வந்தது. ராஜரத்தினம் பிள்ளை வாய்ப்பாட்டும் கற்றவர். அந்தத் தோடியை இன்று பழைய இசைத்தட்டுப் பதிவில் கேட்டாலும், சில நிமிடங்களுக்குள் அடக்கி வாசிக்க வேண்டிய நெருக்கடியிலும், ஒருவர் வாயைத் திறந்து பாடுகிறார் என்றே தோன்றும்.

அவர் இன்னொன்றையும் மாற்றினார். நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசித்த மேளக்காரரை மேடையில் உட்காரவைத்தார். தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், பாடகருக்குக் கொடுக்கும் மரியாதையும் பணமும் தனக்கும் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். திமிர் பிடித்தவர் என்று பேர் வாங்கினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் திரியில் இதுவரை யாரும் சாதியைப் பேசவில்லை. இசை வேளாளரும் மருத்துவர் சமூகத்தாரும் பரம்பரையாக வாசித்துவந்த கருவி இது. சபாக்களை நடத்தியவர்களும் அங்கே பாடியவர்களில் பெரும்பாலோரும் வேறு சமூகத்தார். கோயில் வாசலில் நின்று ஊதியவர் உள்ளே வந்து சரிசமமாக உட்கார்வதை எல்லாரும் விரும்பிவிடவில்லை. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1956-ல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கும் 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்கும் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைக்கவே இல்லை. டிசம்பர் விழாக்களில் நாதஸ்வரம் உண்டு. தொடக்க நாளில், "மங்கள இசை" என்ற தலைப்பில், கூட்டம் வந்து உட்காருவதற்கு முன். அந்த "மங்கள" என்ற சொல்லை நான் வெறுக்கிறேன் என்றால் என் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் வெறுக்கிறேன். அந்தச் சொல் இருக்கும்வரை இது குத்துவிளக்கு ஏற்றுவது போன்ற ஒரு சடங்கு. சடங்கை யாரும் விமரிசனம் செய்வதில்லை, விமரிசனம் இல்லாத இடத்தில் புகழும் இல்லை.


பதில் 4: கூடும் கழியும்

நான் தவில் கற்க ஆறு ஆண்டு செலவழித்துவிட்டு, பிறகு வங்கி வேலைக்குப் போனவன். நீங்கள் எல்லாரும் தலைப்பில் தவிலைச் சேர்த்துவிட்டு நாயனத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இதுவும் பழைய வழக்கம்தான் என்பதால் வருத்தமில்லை.

இந்தக் கலை ஏன் புதியவர்களை இழுப்பதில்லை என்பதற்கு உடம்பும் ஒரு காரணம். தவிலின் கட்டை பலா மரம். இடப்பக்கத்தைக் கழியால் அடிக்க வேண்டும், வலப்பக்கத்தை விரல்களால். அந்த விரல்களுக்குக் கூடு போட வேண்டும். துணிக் கீற்றைப் பசையில் தோய்த்து விரலைச் சுற்றிச் சுற்றி, காயவைத்துச் செய்யும் சிறு தொப்பி அது. கல் போல இருக்கும். முதல் ஆண்டில் கூடு பொருந்தாமல் என் மோதிர விரலின் நகக்கண் கறுத்துப்போயிற்று. ஆசிரியர் அதைப் பார்த்து, "இப்பத்தான் விரல் வந்திருக்கு" என்று மகிழ்ந்தார். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் மூன்று மணி நேரம் நடந்தால் மறுநாள் தோள்பட்டையில் வார் கிடந்த இடம் தனியாகத் தெரியும்.

நாயனக்காரருக்கு வேறு பாடு. அவருடைய பிழைப்பு சீவாளியில் இருக்கிறது. நாணல் வகையைச் சேர்ந்த கொறுக்கைத் தட்டையைச் சீவிச் செய்வது. கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். புதிதாக வாங்கியதைப் பல நாள் வாயில் வைத்துப் பழக்கினால்தான் பேசும், பேச ஆரம்பித்துச் சில நாளில் தளர்ந்தும் போகும். நாயனத்தோடு ஒரு கொத்துச் சீவாளியும் ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சீவாளி மக்கர் செய்தால், தவில் தனி ஆவர்த்தனத்துக்குள் போகும் இடைவெளியில் கழற்றி, ஊசியால் வாயைத் திறந்து, எச்சில் படுத்தி, வேறொன்றை மாட்டுவார்கள். குழல் ஆச்சா மரம். அதுவும் புது மரம் உதவாது, பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமோ தூணோ வேண்டும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. கருவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, வாசிப்பவருக்குத்தான் பாக்கி.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் கற்பிக்கிறார்கள். படித்து வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வெளியே வந்ததும் அவர்களுக்கு முன்னால் நிற்பது கல்யாணச் சந்தைதான். அங்கே இப்போது கேரளத்துச் செண்டை மேளம் வந்துவிட்டது. பதினைந்து பேர் ஒரே உடுப்பில் வரிசையாக நின்று அடித்தால் காணொளியில் நன்றாகத் தெரிகிறது. அவர்களும் கலைஞர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, நாயன செட்டிடம் மட்டும் "நாலு பேர் எதுக்கு, ரெண்டு பேர் போதாதா?" என்று கேட்கிறார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில் என்பது ஆடம்பரம் அல்ல என்பதை இங்கேயாவது பதிவு செய்கிறேன். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் நாதத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒற்றை ஆளை வைத்து ஊதச் சொன்னால், ராகத்தின் நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையைக் கேட்டுவிட்டு, "முன்ன மாதிரி இல்லை" என்று அவர்களே சொல்வார்கள்.


பதில் 5: வடக்கு வீதி

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்தத் திரியை வாசித்தபோது, தமிழ்நாட்டு நண்பர்கள் கருவியின் குறை என்றும் காலத்தின் குறை என்றும் சொல்லும் பலதும் எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மேளம் கேட்பதற்கென்றே திருவிழாவுக்குப் போவார்கள். இன்ன கோயிலில் இன்ன திருவிழாவுக்கு யார் மேளம் என்பதுதான் முதற் கேள்வி. சுவாமி வீதியில் நிற்கும். நான்கைந்து கூட்டம் மேளம் ஒன்றாகச் சேர்ந்து சமா வைக்கும். தவிற்சமா என்று சொன்னால் அது பக்க இசை அல்ல, அதுவே கச்சேரி. மணலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தீர்மானம் ஒரு அட்சரம் பிசகினால் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்குத்தான் வித்துவான்கள் பயந்தார்கள். பயந்தபடியால் நன்றாக வாசித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வித்துவான்களும் திருவிழாக் காலத்தில் வந்து வாசித்துவிட்டுப் போனதுண்டு.

அப்படி ஒரு சூழலில் வந்தவர்தான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. 1933-ல் பிறந்தவர், 1975-ல் மறைந்தவர். அவருடைய தவிலைத் தமிழ்நாட்டுக்காரர்களும் வியந்து கேட்டார்கள். எங்கள் வீட்டில் என் அப்பா அவருடைய ஒலிநாடா ஒன்றை வைத்திருந்தார். பிரதி எடுத்துப் பிரதி எடுத்து இரைச்சலே அதிகமாக இருக்கும். இடம்பெயர்ந்தபோது அம்மா பத்திரங்களை எடுத்தார், அப்பா அந்த நாடாவை எடுத்தார், அதற்காக நெடுநாள் திட்டும் வாங்கினார். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் சொல்ல வேண்டும். நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்தே அவர் பெயர் எங்கள் நினைவில் நிற்கிறது. இவர்கள் இருவரும் எங்கள் ஊரில் நட்சத்திரங்கள். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் பதில்: கருவி காரணமல்ல. அதே நாயனம், அதே தவில், அதே சத்தம். கேட்கத் தெரிந்தவர்கள் அருகில் உட்கார்ந்திருந்தார்களா என்பதுதான் வேறுபாடு. ஆனால் எங்கள் கதையையும் மிகைப்படுத்த விரும்பவில்லை. போர் அந்த வீதிகளைக் காலிசெய்தது. சமாவுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறிப்போனார்கள். இங்கே கோயில்கள் நிறைய உண்டு, ஊரிலிருந்து வித்துவான்களை வரவழைக்கிறோம். வாகன நிறுத்துமிடத்தில் சுவாமி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே வந்துவிடும். இரவு நேரமானால் சத்தம் கூடாது என்று மாநகர விதி. சமா வைக்க இடமில்லை.


பதில் 6: எதிர்க்கட்சி

வடக்கு வீதி எழுதியதைப் படித்தபின் என் கட்சியைப் பாதி மாற்றிக்கொள்கிறேன். ஒலிவாங்கியைப் பற்றிய பாதியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

கேள்வி கேட்டவர் உயிரோடிருப்பவர்களில் மூன்று பெயர் சொல்ல முடியவில்லை என்றார். அதற்கு யாரும் இன்னும் பதில் தரவில்லை. இஞ்சிக்குடி சுப்பிரமணியம், மாம்பலம் சிவா, திருமெய்ஞானம் ராமநாதன். இம்மூவரையும் தேடிக் கேளுங்கள். ஷேக் சின்ன மௌலானாவின் பேரன்கள் காசிம், பாபு இருவரும் வாசிப்பதைக் கேளுங்கள்; ஆந்திரத்துக் கரவதியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்து குடியேறி, ரங்கநாதர் சந்நிதியைத் தன் வீடாக எண்ணி வாழ்ந்த அந்த முஸ்லிம் வித்துவானின் பாணி அவர்களிடம் இருக்கிறது. கணவன் மனைவியாகச் சேர்ந்து வாசிக்கும் ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது என் அலுவலகத்தில் அந்தச் செய்தியை அறிந்தவன் நான் ஒருவன்தான். பெண்கள் இந்தக் கருவியை எடுப்பதே வியப்பு என்று நினைப்பவர்கள் மதுரை எம். எஸ். பொன்னுத்தாயைப் பற்றி விசாரித்துப் பார்க்கலாம். சித்திரைத் திருவிழாவில் அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு சின்ன யோசனையும் உண்டு. வித்துவானைப் பார்த்து "சினிமாப் பாட்டு ஒண்ணு வாசிங்க" என்று கேட்பதற்கு முன், "உங்களுக்குப் பிடித்த ராகம் எது?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான் ஒரு வரவேற்பில் அப்படிக் கேட்டேன். தவில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.


கேள்வி கேட்டவர் மீண்டும்: வெண்ணாற்றங்கரை

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. சொன்ன பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இரைச்சலோடு கேட்கப் பழகிவிட்டேன். வடக்கு வீதி சொன்ன தட்சிணாமூர்த்தியின் தவிலைத் தாளம் போட்டுக்கொண்டு கேட்க முயன்று, இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே தொலைந்துபோனேன். எங்கே தொலைந்தேன் என்பதாவது ஒருநாள் தெரியும் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் எங்கள் வீட்டில் புதுமனை புகுவிழா. மன்னார்குடியில் பார்த்த அதே வித்துவானைத்தான் அழைத்தேன்; இரண்டு நாயனம், இரண்டு தவில். கணபதி ஹோமம் முடிந்து சாப்பாட்டுக்கு முன் நாற்பது நிமிடம் உங்களுடையது, யாரும் விரலைச் சுழற்ற மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒலிவாங்கி வைக்கவில்லை, எதிர்க்கட்சி அவர்கள் மகிழலாம். அவர் சண்முகப்பிரியாவை எடுக்கவில்லை, கரகரப்பிரியா வாசித்தார். உட்கார்ந்து கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் இருவர் சமையல் ஆட்கள், அவர்களில் ஒருவர்தான் மேல் ஸ்தாயியில் நின்ற இடத்தில் "ஆகா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

தாத்தாவின் பத்திரிகையில் இருந்ததைப் போல, அழைப்பிதழில் எங்கள் பெயர்களுக்குக் கீழே அந்த நால்வரின் பெயர்களையும் ஊரோடு அச்சிட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் சரிப்பா, கீழே நாலு பேர் போட்டிருக்கியே, அவங்க உன் மாமனார் வழியா?" என்று கேட்டார்.